திருமுருகனின் இடது மேலறை

என் நைனா திருமுருகன் காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகு ஓட்டினார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எது மக்கர் என்று சொல்லிவிடுவார். இரண்டு வருடமாகத் தன் நெஞ்சு தாறுமாறாக அடித்தது மட்டும் அவர் காதில் விழவில்லை. மூச்சு வாங்கியபோது, "வயசாச்சி, வேற இன்னா" என்றார். வயது ஐம்பத்திரண்டு.

நான் மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பவள். வீட்டிலிருந்த நோயாளியைக் கண்டுபிடிக்க எனக்கும் இரண்டு வருடம் பிடித்தது. என் படிப்பின் தரத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் இதய வால்வு ஒன்றைச் சுருக்கியிருந்தது. அதனால் இடது மேலறை வீங்கி, ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டோம். மற்ற மாதங்களில் பிழைப்பதற்கு அவருக்கு நேரமில்லை.

"உலோக வால்வு வைக்கிறோம்" என்றார் டாக்டர். "நெஞ்சைத் திறந்த கையோட மேலறையில சில கோடு சுட்டுவிடுவோம். தப்பா ஓடுற கரண்ட் அந்தத் தழும்பைத் தாண்டாது. ரத்தம் கட்டுற சின்னப் பையையும் மூடிடுவோம்."

"வயரிங் கோளாறுன்னு சொல்லு சார். கழட்டுறப்பவே எல்லாத்தையும் பாத்துடு." டாக்டருக்கு நைனா அனுமதி வழங்கினார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் நானே ஈசிஜி எடுத்தேன். நடுக்கம் போயிருந்தது. "சூப்பர் நைனா, பிசிறே இல்ல" என்றேன். அவர் சாவுக்கு என் பங்களிப்பு அது. அந்தத் தாளை லேமினேட் செய்து, படகில் ஸ்டியரிங் பக்கத்தில், அங்காளம்மன் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். உலோக வால்வு டிக்டிக்கென்று கேட்கும். "மாமா, நெஞ்சுல மணி இன்னா ஆவுது?" என்பான் கூட வேலை செய்யும் பாஸ்கர். "வலை இய்க்கிற நேரம், வாடா!" என்பார் நைனா.

துடிப்பு சீரானாலும் உலோகத்தில் ரத்தம் உறையும், அதைத் தடுக்கும் மாத்திரை சாகும்வரை வேண்டும் என்று நூறு முறை சொன்னேன். "ஓவரால் பண்ண எஞ்சினுக்கு தெனம் மெக்கானிக்கா, அம்மு?" என்பார். வீட்டில் என் கண்முன்னே விழுங்குவார். கடலில் வேறு சட்டம். அங்கே மீன் முள் குத்தாத கை கிடையாது. ஒருமுறை குத்தி, அரைநாள் ரத்தம் நிற்கவில்லை. படகிலிருந்த ஐந்து பேர் கூடி ஆலோசித்தார்கள். எல்லோரும் வலையில் பட்டம் பெற்ற நிபுணர்கள். அதன்பின் பத்துநாள் கடலுக்குப் போனால் மாத்திரை வீட்டிலேயே தங்கும். எங்களுக்குத் தெரியாமல், அம்மாவின் புடவைகளுக்கு அடியில்.

அப்படிப் போன நாலாவது பயணத்தின் ஏழாம் நாள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்கு வாய் கோணியது. கரை பதினாலு மணி நேரத் தொலைவு. மருத்துவமனையில் அவருக்கு ஈசிஜி எடுத்ததும் நான்தான். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பாஸ்கர் உட்காரவில்லை.

"மாத்திரைய வூட்லயே வுட்டுட்டு வா மாமான்னு நான்தாம்மா சொன்னேன். ரத்தத்த பாத்து பயந்துட்டேன்."

கோபத்தில் தாளெடுத்து வால்வு வரைந்தேன். ரத்தம் எங்கே கட்டியது, மூளைக்கு எப்படிப் போனது என்று அம்புக்குறி போட்டேன். நல்ல படம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தான்.

"ஆனா, நெஞ்சு கரீட்டாதானே அட்ச்சிகினு இருந்துச்சி?"

"கரெக்டாதான் அடிச்சுது" என்றேன். "கடைசி வரைக்கும்."