அரக்கு முத்திரை வைத்த வேட்டி மூட்டை

என்னைக் கசங்கிய வேட்டியோடு பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு காலத்தில் இதை நானே வலியப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது, "இத்தனை வருசமாக ஒரே மாதிரி உடுத்துகிறீர்களே" என்று பாராட்டினால் பேச்சை மழைக்கும் வெயிலுக்கும் திருப்பிவிடுகிறேன். அவர்களுக்கு என் அடக்கம் பிடித்துப்போகிறது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அது வெட்கம்.

என் உடுப்பில் புதிதாக ஒன்றும் கிடையாது. மெல்லிய கறுப்புக் கரை போட்ட எட்டு முழ வெள்ளை வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, ஆபீசுக்குப் போகும்போது அதன்மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, தோளில் நான்காக மடித்த அங்கவஸ்திரம், தலையில் கட்டு. என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் கிராப்பு வைத்துக்கொண்டு, கோடு போட்ட சட்டைக்கும் கால்சட்டைக்கும் மாறிய பிறகும் நான் மாறவில்லை. வருசத்துக்கு வருசம் மாறுகிற உடுப்பு போட்டவனை வருசத்துக்கு வருசம் மறந்துபோவார்கள் என்று வாதாடுவேன். வாதத்தில் தவறில்லை. ஆனால் அந்த வெள்ளைக்குக் கஞ்சி வேண்டும், நீலம் வேண்டும், கரி போட்ட இஸ்திரிப்பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வண்ணார் வேண்டும். சேந்தமங்கலத்தில் இருந்தவரை இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குச் சில வருசங்கள் முன்பு என்னைக் கொல்லிமலைக்கு மாற்றினார்கள். எந்த இலாகா என்பது வேண்டாம். தவறு இலாகாவுடையது அல்ல. மலைமேல் குண்டூர் நாடு என்ற பகுதியில் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறைதான் ஆபீஸ். குமாஸ்தா நான் ஒருவன். மேலதிகாரி எப்போதாவது முகாம் வருவார். வீட்டில் எல்லோரும் கீழே சேந்தமங்கலத்திலேயே இருந்தார்கள். மலைக்கு ரோடு கிடையாது, ஏறவும் இறங்கவும் நடைதான்.

முதல் மாதமே மலை என் உடுப்பைத் தோற்கடித்தது. நானே துவைத்துப் பார்த்தேன். பனிமூட்டம் நாள் கணக்கில் விலகாது. கொடியில் போட்ட வேட்டி நான்கு நாளானாலும் ஈரம் காயாது. அடுப்புப் பக்கம் காயப்போட்டால் புகை நாற்றம் ஏறியது. மடித்து வைத்தால் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்தது. செம்மண் தெறித்த கறை போகவே இல்லை. நான் இருந்த பக்கத்தில் வண்ணார் வீடு ஒன்றுகூடக் கிடையாது. மலைக்காரர்கள் தங்கள் துணியைத் தாங்களே ஓடையில் அலசிக்கொள்வார்கள். அவர்களைப் போல நானும் பழுப்பேறிய வேட்டி கட்டியிருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் முகாம் வந்த மேலதிகாரி முதல் தடவையே என்னை மேலும் கீழும் பார்த்து, "மலைக்கு வந்தும் விடவில்லையே நீர்!" என்று சிரித்தார். அந்த ஒரு சிரிப்பு போதும், நான் கெட்டுப்போவதற்கு.

வாரம் ஒருநாள், சந்தைக்கு ஆட்கள் கூட்டமாக இறங்கும் நாளில், எங்கள் ஆபீஸ் தபால் கீழே போகும். அதைச் சுமந்து போனவர் பக்கத்து ஊரில் சாமையும் கேழ்வரகும் பயிர் செய்து வந்த ஒரு விவசாயி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'ஏப்பா' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சாமி' என்றார். இன்று எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன், அன்று என் வாயில் அந்த மரியாதை வரவில்லை.

அவரிடம் என் அழுக்குத் துணியையும் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றியது. ஆனால் கேட்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். பிறத்தியார் உடுத்திக் கழற்றிய துணியை மூட்டை கட்டித் தூக்கிப் போவதைக் குடியானவர் வீட்டு ஆண் யாரும் செய்யமாட்டார். மலையில் அது இன்னும் கடுமை; செய்தவரை ஊரே தள்ளி வைத்துவிடும். எங்கள் குடும்பமும் குடியானவக் குடும்பம்தான், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த வழக்கம் நியாயமா என்பது வேறு விசயம். அதை மீறினால் அடி படப்போவது நானில்லை என்பதுதான் இங்கே விசயம்.

ஆகவே நான் கேட்கவில்லை. ஏமாற்றினேன். ஒரு கித்தான் பையில் நான்கு வேட்டி, மூன்று சட்டை, அவற்றோடு வெளியில் சொல்லக்கூடாத உள்துணிகள் எல்லாவற்றையும் திணித்து, வாயைச் சணல் போட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி ஆபீஸ் முத்திரையை அழுத்தினேன்.

"ஏப்பா, இது முக்கியமான காகிதம். என் மச்சினன் கடையில் கொடுத்துவிடு, அங்கிருந்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்றேன்.

"சரிங்க சாமி. பத்திரமாக் கொண்டு சேத்திடறனுங்க" என்றார்.

கடை வைத்திருந்த என் மனைவியின் தம்பி பையை வண்ணாரிடம் சேர்ப்பான். வெளுத்து மடித்த துணி அடுத்த வாரம் அதே பையில், வாயை இறுகத் தைத்து, மேலே வரும். ஏறக்குறைய ஒன்றரை வருசம் இப்படி நடந்தது. மலையில் நான் மட்டும் பளிச்சென்று இருந்தேன்.

அவர் அந்தப் பையைச் சுமந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது பாதி உண்மையாகிவிடும். தபால் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார். என் பையைத் தலையில் வைப்பார். வழியில் இளைப்பாறும்போதுகூட மண்ணில் வைக்கமாட்டார், பாறையைத் துடைத்து அதன்மேல் வைப்பார். மழை பிடித்தால் தம் கம்பளியைக் கழற்றிப் பைக்குப் போர்த்திவிட்டு வெற்று முதுகோடு நடப்பார். ஒருதடவை அவரே என்னிடம், "சர்க்கார் காயிதம் நனையலாமுங்களா சாமி, ஒடம்பு நனஞ்சாக் காஞ்சுக்குமுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று நான் கட்டியிருந்தது அவருடைய கம்பளிக்குள் நனையாமல் வந்த வேட்டிதான்.

ஐப்பசி மழையில் ஒரு தபால் நாளில் அது நடந்தது. இறங்கும் வழியில் ஒரு ஓடை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியிருக்கிறது. கால் வழுக்கி விழுந்தவர் பையை விட்டுவிட்டார். கூட வந்த சந்தை ஆட்கள் பாய்ந்து, கொஞ்ச தூரத்தில் வேரில் மாட்டிய பையை இழுத்துப் போட்டார்கள். காகிதம் ஊறிப்போனால் தன்னை ஜெயிலில் போடுவார்கள் என்று அவர் நடுங்கியிருக்கிறார். காகிதத்தைப் பாறையில் பரப்பி உலர்த்திவிடலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிச்சை அறுத்தார்கள். உள்ளேயிருந்து என் வேட்டி வந்தது. சட்டை வந்தது. பிறகு என் கோவணங்கள் வந்தன.

அந்தக் கூட்டத்தில் அவருடைய சம்பந்தி ஆகவிருந்தவரும் இருந்தார். பை சுமந்தவரின் மூத்த மகளை இன்னொரு ஊரில் நிச்சயம் செய்திருந்தார்கள், தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து தனியாக முன்னால் நடந்துவிட்டாராம்.

மத்தியானம் பை சுமந்தவர் ஆபீசுக்குத் திரும்பி வந்தார். ஈரப் பையை வாசற்படியில் வைத்தார். "இதுல துணிதானுங்க சாமி இருக்குது" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நான் பேரேட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பினார். பக்கத்து ஊரின் வழக்குகளைத் தீர்த்து வைக்கிறவர் அவர். பெட்டியில் மிச்சமிருந்த வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, கோட்டுக்குக் கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு போனேன். கோயில் மரத்தடியில் நாற்பது பேராவது குந்தியிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கட்டில் போட்டு, அதன்மேல் கம்பளி விரித்திருந்தார்கள். பை சுமந்தவர் எதிரே கைகட்டி நின்றார். சற்றுத் தள்ளி, பெண்கள் நின்ற பக்கத்தில் அவருடைய மகள் நின்றாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரும் சொல்லாமலே அவள்தான் என்று தெரிந்தது. கூட்டத்தில் அவள் ஒருத்திதான் தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க்கவுண்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க, உங்களக் கூட்டியாந்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க. ஒன்னே ஒன்னு கேக்கோணும். இந்த மூட்டை ரொம்ப நாளாப் போய்ட்டு வருதுங்க, எல்லாரும் பாத்திருக்கறோம். உள்ள என்ன இருக்குதுன்னு தனக்குத் தெரியாதுங்கறான் இவன். தெரியாமச் சொமந்திருந்தாத் தப்பில்லீங்க, தலைக்குத் தண்ணி ஊத்தி ஊட்டுக்கு அனுப்பிச்சுருவோம். கல்யாணமும் நடக்கும். தெரிஞ்சே சொமந்திருந்தா ஊரு சேத்துக்காது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவனுக்குத் தெரியுமுங்களா?"

இதைவிட எளிதாக ஒரு மனிதனிடம் யாரும் உண்மையைக் கேட்டுவிட முடியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவர்களுக்கு வேண்டியதில்லை.

ஆனால் தெரியாது என்றால், ஏன் தெரியாது என்று ஒரு கேள்வி வரும். நான் பொய் சொல்லி, சர்க்கார் முத்திரை போட்டு, இந்த மனிதர் தலையில் என் கோவணத்தை ஏற்றி அனுப்பினேன் என்று நாற்பது பேர் முன்னால் சொல்லவேண்டி வரும். என் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

ஊர்க்கவுண்டர் அவர் பக்கம் திரும்பி, "என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஏதோ இக்கட்டு இருக்கிறது, அது என்ன என்று யோசிக்கிறவரைப்போல் பார்த்தார். பிறகு, "சாமி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். ஊர் அவரைத் தள்ளி வைத்தது. கல்யாணம் நின்றது. என்னை ஊரெல்லைவரை இரண்டு பேர் மரியாதையாக வழியனுப்பினார்கள்.

முத்திரை விசயம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். அந்த மலையிலிருந்து யார் எழுதிப்போடப் போகிறார்கள்? உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள், பெண்கள் முந்தானையால் வாயை மூடியிருப்பார்கள், ஒரு மாதம் என் கோவணம் ஊர்ப்பேச்சாக இருந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் பயந்தது அந்தச் சிரிப்புக்கு. சிரிப்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தினேன் என்று எழுத எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அடுத்த தபால் நாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். விடிந்து சற்று நேரத்தில் வாசலில் நின்றார். தனியாகத்தான் இறங்கப்போகிறார், கூட நடக்க இனி ஆள் இல்லை. தபால் பையைக் கொடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டார். போகவில்லை.

"மூட்டை இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டார்.

உள்ளே கொடியில் நான்கு வேட்டியும் ஈரம் காயாமல் செம்மண் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் மேலதிகாரி முகாம் வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

"எனக்கு இனி போறதுக்கு ஒன்னுமில்லீங்க. ஒளிச்சுக் கட்டவேண்டாம், சும்மாவே குடுங்க. நான் கொண்டுபோறனுங்க" என்றார்.

அவர் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. எனக்கு வேட்டி இல்லாமல் போய்விடுமே என்றுதான் கேட்டார். அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்கவேண்டும். குறைந்தபட்சம் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அன்றே ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கலாம்; தை மாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

நான் உள்ளே போனேன். கொடியிலிருந்த வேட்டிகளை உருவி, சட்டைகளையும் சேர்த்து மூட்டை கட்டி, கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன்.