லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு சாட்சி

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒன்றுமே நடந்ததில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலியாகத்தான் சொல்கிறேன். மச்சினிக்கு அந்த உரிமை உண்டு. அத்தான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தார், நேரத்துக்கு ஞானஸ்நானம் எடுத்தார், என் அக்காவைக் கட்டிக்கொண்டார், இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட மறுநாளே இறங்கிவிடும்.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று. எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேக்கரிக்காரர் ஆற்றோடு போய்க் கரையேறியவர். கணக்கு டீச்சர் மூன்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு எழுந்து நடந்தவர். நான் பிரேக் பிடிக்காத பஸ்ஸிலிருந்து தப்பியவள். அதை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பஸ் கொஞ்சம் வேகமெடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட சபையில் அத்தானின் முறை வந்தது.

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் நடக்கல?" என்றார் காலைச் சாப்பாட்டில்.

"நடக்கலன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் அக்கா.

"அதில்லம்மா. எனக்குள்ள விசுவாசம்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல. பழக்கத்துல போய் உக்காந்துட்டு வர்றேனோ என்னவோ."

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கையில் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஓர் அனுபவத்தைத் தேடிப் பிடித்துவிடுவது என்று கிளம்பினார் மனிதர். முதலில் உபவாசம். நாற்பது நாள் என்று ஆரம்பித்த பேச்சு அக்கா முறைத்ததில் மூன்று நாளாகச் சுருங்கியது. முதல் நாள் பதினொரு மணிக்கு, வாசனை பிடிக்க மட்டும் பேக்கரிக்குள் நுழைந்தவர் நான்கு பன் தின்றுவிட்டு வெளியே வந்தார்.

அடுத்தது, பகைவனை மன்னிப்பது. மன்னிக்கலாம், பகைவனுக்கு எங்கே போவது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்து ஒருவரைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏணியை வாங்கிப் போய்த் திருப்பித் தராத மேல்வீட்டுக்காரர். மாடியேறிப் போய், "உங்கள நான் முழு மனசோட மன்னிச்சிட்டேன்," என்றார். அந்த மனிதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விஷயம் தெரிந்ததும், "ஏணிய நான் மறுநாளே கொண்டாந்து உங்க மாடிப்படிக்குக் கீழ வச்சிட்டேனே," என்றார். வந்து பார்த்தால் ஏணி அங்கேதான் ஒட்டடைக்குள் நின்றது. கடைசியில் அத்தான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மேல்வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துத்தான் கொடுத்தார்.

கடைசிச் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் குன்றில் ஏறித் தனியாக ஜெபம் பண்ணப் போனார். ஏதாவது சத்தம் கேட்கும் என்று நம்பிக்கை. அன்று அவருக்கு வேலை இருந்தது. எங்கள் சபை ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் வாடகை ஹாலில் கூடுகிறது; அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அதைச் சர்வீஸ் செய்ய வேண்டிய நாள் அது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். குன்றில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஓர் ஆடு மட்டும் வந்து குறிப்பு எழுத வைத்திருந்த தாளைத் தின்றுவிட்டுப் போனது.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உன் பஸ்ஸ நான் எடுத்துக்கட்டுமா?"

"அத்தான், அதுல பாதிதான் எனக்கே சொந்தம். மீதி நானா சேத்தது."

"பாதி போதும்," என்றார்.

ஞாயிறு காலை அக்கா படியேறினாள். அவள் எப்போதும் படிதான். "லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்ச மனுஷனக் கட்டிக்கிட்டவ நான்," என்பாள். சாட்சியைப் பதிவு செய்ய அத்தானின் போனையும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அத்தான் கருவிப் பையோடு லிஃப்டில் ஏறினார். அது மூன்றாம் மாடிக்கு அரை ஆள் உயரம் கீழே நின்றது. விளக்கு அணைந்தது. அவசர விளக்கும் எரியவில்லை. அதன் பேட்டரியைச் சனிக்கிழமை மாற்றியிருக்க வேண்டும். வெளியிலிருந்து கதவைத் திறக்கும் சாவி அவர் பையில், பை அவரோடு உள்ளே. தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எல்லோரும் மூன்றாம் மாடிக்கு இறங்கி ஓடினோம். அக்கா அவருடைய வேலைக் கூட்டாளிக்குப் போன் செய்தாள். ஊரின் மறுகோடியிலிருந்து வர ஒரு மணி நேரமாகும் என்றார் அவர். அதுவரை என்ன செய்வது? சபை முழுவதும் படிகளில் உட்கார்ந்துவிட்டது.

"சும்மா ஏன் இருக்கணும்," என்றார் போதகர். "ஐயா, சாட்சிய அங்கிருந்தே சொல்லிடுங்களேன்."

"என்கிட்ட சாட்சி இல்ல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உபவாசம் இருந்தேன், நாலு பன் சாப்பிட்டேன். மலைக்குப் போனேன், ஆடுதான் வந்துச்சு. கடைசியில என் மச்சினியோட பஸ்ஸ கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுலயும் பாதிதான் நடந்ததாம்."

படிகளில் சிரிப்பு புரண்டது. பிறகு அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வேலையில ரெண்டு பேர் போவோம்," என்றார் அத்தான் உள்ளேயிருந்து. "ஒருத்தர் மேல போய் லிஃப்ட்டக் கையால நகத்துவாரு. இன்னொருத்தர் கதவுகிட்ட நின்னு, மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசணும். நான் எப்பவும் கதவுகிட்டதான். இத்தன வருஷத்துல பாத்துட்டேன், எப்ப திறப்பீங்கன்னு ஒரு தடவதான் கேப்பாங்க. அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ, 'இருக்கீங்களா'ன்னுதான் கேப்பாங்க. இருக்கேன்னு நான் சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை."

குரல் கதவுக்கு இன்னும் பக்கத்தில் வந்தது.

"இப்ப இருட்டுல உக்காந்திருக்கறப்பதான் தெரியுது. கண்ண மூடினா நானும் ஆண்டவர்கிட்ட இத மட்டும்தான் கேட்டிருக்கேன். இருக்கீங்களான்னு. வேற ஜெபம் எனக்கு வந்ததே இல்ல. இதெல்லாம் ஒரு ஜெபமான்னு வெட்கப்பட்டுட்டு இருந்தேன். ஆனா ஆள் இல்லன்னு நினைக்கிறவன் இத்தன வருஷம் விடாம கேப்பானா?" உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. "அப்ப எனக்கு விசுவாசம் இருந்திருக்குங்க. எனக்குத்தான் தெரியல."

யாராலும் ஸ்தோத்திரம்கூடச் சொல்ல முடியவில்லை. பேக்கரிக்காரர் கைக்குட்டையைத் தேடினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. இப்படி நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததில், படிகளில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று.

உள்ளேயிருந்து பயந்துபோன குரல் கேட்டது.

"இருக்கீங்களா?"

அக்கா எழுந்து போய்க் கதவில் கையை வைத்தாள். "இருக்கேங்க," என்றாள். பின்னாலேயே சபை மொத்தமும், "இருக்கோம்," என்றது. கட்டடமே அதிர்ந்திருக்கும்.

கூட்டாளி வந்து சேர ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. அதற்குள் அத்தான் முப்பது முறையாவது கேட்டிருப்பார். முதல் நான்கைந்து முறை பயத்தில் கேட்டார். அதன்பிறகு பயம் போய்விட்டது என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்.