அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் என் கம்ப்யூட்டர்

பாகப்பிரிவினையில் அப்பா பெயரில் இருந்த ஒரே போன் லைன் கீழே அண்ணன் பங்குக்குப் போனது. மாடி எனக்கு. கோயமுத்தூரில் வீட்டுக்குள் இன்டர்நெட் என்பதே அதிசயமாக இருந்த தொண்ணூறுகளின் கடைசி அது. மோடம் அண்ணன் கம்ப்யூட்டரில். அங்கிருந்து ஜன்னல் வழியாக என் மாடிக்கு ஓர் ஒயர். பிறகு மாடிப்படி யாருக்கு என்று சண்டை வந்தது. பேச்சு நின்றது, ஒயர் மட்டும் அறுபடவில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்த வியாபார பில்களை அவர் ஒயர் வழியாக எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற கடுப்பில், ஒரு பழைய கம்ப்யூட்டரை நடுவில் காவலுக்கு வைத்தேன். எனக்கு அப்படியொரு வறட்டு ரோஷம்.

அமெரிக்காவில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. விசா கிடைக்காமல் அம்மா என்னோடு மாடியில் இருந்தார். ஞாயிறு காலை கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்று மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"அம்மணி, நல்லாருக்கறயா? கொழந்த பால் குடிக்குதா?"

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"ஏஞ்சாமி, அவ பேச மாட்டேங்கறாளே! நான் வரலீன்னு கோவமா?"

திரையில் தங்கை தட்டினாள்: அம்மா பேசறது நல்லாக் கேக்குது. நான் கத்திட்டே இருக்கறேன், வரலியா?

அட கருமமே! ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஸ்பீக்கரைத் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் குரலைக் காவல் கம்ப்யூட்டரும் அண்ணன் கம்ப்யூட்டரும் கைமாற்றி வெளியே அனுப்பிவிடும். வெளியிலிருந்து வரும் குரலோ அண்ணன் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். அதற்கு என் காவல்காரனைத்தான் தெரியும். அதற்கும் பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பது தெரியாது. காவலை எடுத்துவிடுவது என் கையில் இருந்தது, ஆனால் அது மட்டும் போதாது. அண்ணன் கம்ப்யூட்டரில் எனக்கு வழிவிடும்படி மாற்ற, கீழே போய் "அண்ணா" என்று கூப்பிட வேண்டும். அது என்னால் ஆகவில்லை.

"கீழ இருக்கற கம்ப்யூட்டர்ல பேசினாத்தானுங்கம்மா கேக்கும்" என்றேன்.

அம்மா மைக்கை வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசாதது பத்தாதுன்னு, எம்புள்ளையயும் பேச உடமாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து அவர் சிரிப்பு கேட்டது. பின்னாலேயே அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "டேய், பாப்பா அழுவுது! வந்து கேளுடா!"

ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எழுந்து இறங்கினேன். பாதிப் படியில் ரோஷம் பிடித்து இழுத்தது, மரம் மாதிரி நின்றேன். ஒருவழியாகக் கீழே போனபோது லைன் கட்டாகியிருந்தது.

அம்மா இன்னும் ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தார். "பாப்பா அழுவற சத்தம் இப்பத்தாங் கண்ணு நின்னுது" என்றார்.