நெமானி தொடாத பல்

நெமானிக்கு இடது காது கேட்காது. யார் கூப்பிட்டாலும் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பான். இருபது வருடம் ஃபிஜி ராணுவத்தில் இருந்தான். அமைதிப்படையோடு எகிப்தின் சினாய்ப் பாலைவனத்தில் காவல் நின்றான். ஓய்வு பெற்றதும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவனை ஈராக்குக்குக் கூட்டிப் போயிற்று. சரக்கு லாரிகளுக்கு முன்னால் போகும் வண்டியில் துப்பாக்கிக்காரன். இரண்டு ஒப்பந்தம். அந்தப் பணத்தில் கட்டிய சிமெண்டு வீடுதான் எங்கள் ஊரில் புயலுக்கு நின்றது. அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான்.

போன மழைக்காலத்தில் அபகூகி வந்தான். நெமானியின் அத்தை மகன், பழைய சார்ஜெண்ட், இப்போது கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறவன். அவன் பையில் திமிங்கிலப் பல் இருப்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பல்லை வைத்து ஒன்றைக் கேட்டால், எடுத்துக்கொண்டவன் கொடுத்தே ஆகவேண்டும். கேட்கப்போவது நெமானியின் தம்பி ருசியாத்தேயை. முப்பது வயது, கைக்குழந்தைக்காரன், ஆறு வருடம் ராணுவத்தில் இருந்தவன். குடும்பத்துக்கு மூத்தவன் கொடுக்காமல் அவன் போக முடியாது.

நெமானி மூன்று நாள் மரவள்ளித் தோட்டத்திலேயே கிடந்தான். கண்ணில் படாதவன் முன்னால் பல்லை வைக்க முடியாது. அபகூகி தேடிப் போகவில்லை. நெமானி வீட்டுப் பாயிலேயே உட்கார்ந்து எங்களோடு யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் மழை ஊற்றியது. நெமானி சேறும் தண்ணீருமாக வந்தான்.

"வா மச்சான். கிழங்கு புடுங்கினியா, இல்ல கிழங்குக்கு அடியில ஒளிஞ்சிருந்தியா?"

"உன் மூஞ்சியப் பாக்குறதுக்கு கிழங்கு தேவல."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அபகூகி மண்டியிட்டு, இரண்டு கையிலும் பல்லை ஏந்தி, முறையான வார்த்தைகளில் ருசியாத்தேயைக் கேட்டான். பல்லைப் பாயில் வைத்தான்.

வாங்குகிறவன் வம்சப் பெயர்களைச் சொல்லிப் பதிலைத் தொடங்க வேண்டும். நெமானி அதை விட்டுவிட்டு ஈராக்கில் நடந்ததைச் சொன்னான்.

"ஒரு வெள்ளக் காரு. கிட்ட வந்துச்சு. கையக் காட்டினோம், நிக்கல. நூறு மீட்டருக்குள்ள வந்தா சுடுன்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. நான்தான் சுட்டேன். உள்ள ஒரு ஆளு, ரெண்டு பொம்பளைங்க. லாரி நிக்கக் கூடாதுன்னு நாங்களும் நிக்கல."

"அது வேலை மச்சான்" என்றான் அபகூகி.

"சினாயில ஒரு ஆட்டச் சுட்டதுக்கு மூணு ஆபீசர் வந்து என்னை விசாரிச்சாங்க. ஈராக்குல ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. மறுநாள் வேற ரோட்டுல அனுப்பினாங்க. கேப்பாங்க, சொல்லணும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

சுவரோரம் இருந்த ருசியாத்தே வாயைத் திறந்தான். "வீடு கட்டினப்போ இதச் சொல்லலியே அண்ணே."

"சொல்லல."

"உன் வீடு நின்னுச்சு. என் வீடு தகரம் தகரமா பறந்துச்சு. நான் மட்டும் இங்கயே கிழங்கு நடணுமா?"

நெமானி பல்லைத் தொடவில்லை. வைத்தவன் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. அது அங்கேயே கிடந்தது. யாரும் குடிக்கவில்லை.

ருசியாத்தே முழங்காலில் நகர்ந்து வந்து பல்லை எடுத்துக்கொண்டான்.

யாரைத் தரச்சொல்லிக் கேட்டார்களோ அவனே பல்லை எடுத்து நான் பார்த்ததில்லை. அது செல்லுமா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அபகூகி தயங்கவில்லை. உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினான். பல் கைமாறினால் தட்டுவது வழக்கம். ஒவ்வொருவராக நாங்களும் தட்டினோம். கடைசியில் நெமானியும் தட்டினான்.

பிறகு ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தபடி தம்பியிடம் சொன்னான்:

"அங்க போய் நல்லா சுடுவேன்னு சொல்லாத. கேம்ப் கேட்டுல காவல் நிக்கிறேன்னு சொல்லு."