மருத்துவர் சொன்ன காரம்

அமுதையும் நஞ்சையும் ஒரே கடலுள் வைத்த பெருமானே, துணை.

இன்று காலை சுங்குவார்சத்திரத்து மருத்துவர் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்னார்: "சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கு ஐயா. அதனால ரத்தத்துல அமிலம் தேங்குது, காரம் குறையுது. காரத்தை ஏத்திட்டா சமன் ஆயிடும்."

இல்லாள் பல்லாண்டாக எனக்கு மிளகாயை விலக்கி வைத்திருக்கிறாள். இறைவனே மருத்துவர் வாயால் அருளினான் என்று கருதி, நேரே எதிர்த் தேநீர்க் கடைக்கு நடந்தேன்.

"இன்னா சாமி, மொளகா பஜ்ஜியா? வூட்ல தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"மருத்துவர் ஆணை" என்றேன்.

இரண்டாவது பஜ்ஜியில் கண்ணீர் பெருகியபோது செவிலிப் பெண் ஓடிவந்தாள். "மாத்திரைய விட்டுட்டு வந்துட்டீங்களே! இன்னா ஐயா இது?"

"காரத்தை ஏற்றுகிறேன் அம்மா."

"ஐயய்யோ! அது நாக்குக்கு உறைக்கிற காரம் இல்ல, அமிலத்தை முறிக்கிற காரம். இந்தச் சோடா மாத்திரைதான் அது."

கடைக்காரர் காதில் ஒரு சொல்தான் விழுந்தது போலும். "சோடாவா? ஒடைக்கட்டா சாமி?"

வாழ்நாளெல்லாம் சிலேடையைச் சுவைத்தவனை இன்று சிலேடையே கடித்துவிட்டது.

என் இல்லாள் முகநூலில் இல்லை. அவளிடம் சொல்லப் போகிறவர்கள் பின்னூட்டத்தில் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் இல்லங்களில் புளிப்பும் இருவகைக் காரமும் என்றும் அளவோடு நிலைக்க, சுற்றத்தோடு வாழ்க.