தடிக்குக் கேட்கிற ஓரம்

எங்கள் லாஸ்பேட்டை வீட்டில் வாசற்படியிலிருந்து கேட் வரை பேவர் கல் பதித்த பாதை. இரண்டு பக்கமும் மண், மண் நிறைய மருமகளின் குரோட்டன்ஸ். சர்க்கரை நோயில் பார்வை போன பிறகும் என் வீட்டுக்காரர் கைத்தடியோடு கேட்டுக்குக் கிளம்புவார். பாதி வழியில் குரோட்டன்ஸுக்குள் நிற்பார். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள் இந்த இடத்தில் சிரிக்கிறாள். ஒரு நாள் விழுந்தே விட்டார். இனி தனியாகப் போகக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டான்.

கேட்டில் அவருக்கு என்ன வேலை? மீன் வாங்குகிற வேலைதான். காலையில் குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு ஒரு அம்மாள் வருவாள். அவளோடு வாயாடி, செவுளைத் தொட்டுப் பார்த்து வாங்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. எனக்கு மீன் ஆக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. நான் வாங்கிய மீனை முகர்ந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார்.

மழையில் பாதையின் ஓரக் கற்கள் விலகிச் சரிந்தன. ஓரம் கட்ட மகன் ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தான்.

“தரையோட தரையா பதிச்சிடலாம் சார். வண்டி ஏறும், பாக்கவும் நல்லாருக்கும்,” என்றார் மேஸ்திரி.

நாற்காலியிலிருந்து இவர் குரல் கொடுத்தார். “ஓரம் என் தடிக்குக் கேக்கணும். நாலு விரல் தூக்கி வை.”

“அப்பா, அப்புறம் வண்டிய எப்படி ஏத்தறது?” என்றான் மகன்.

“உனக்குக் கண்ணு இருக்குல்ல? சுத்திக்கினு வா.”

மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரு செங்கல், ஒரு கருங்கல் மூன்றையும் கொண்டுவந்து இவர் காலடியில் வைத்தார். இவர் தடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். பிளாஸ்டிக்குக்கு, “இது பேசவே இல்ல.” செங்கல்லுக்கு, “இதுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு.” கருங்கல் டணக் என்றது. “இது!”

பள்ளம் தோண்டி, நூல் கட்டி, கலவை போடுமுன் கற்களை வெறுமனே வரிசையாக அடுக்கினார் மேஸ்திரி. பிறகு இவருடைய தடியை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓரத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நான் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன். கறிவேப்பிலை மரத்தருகே பாதை வளைகிற இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே தடி மாட்டி அவரே தள்ளாடினார்.

“அய்யா இங்க விழுந்துடுவாரு,” என்றார்.

வளைவில் இருந்த கற்களையெல்லாம் எடுத்து, அவற்றின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, தீக்குச்சி நுழையாதபடி சேர்த்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கண் இருக்கிற ஒரு மனிதர், இன்னொருவருக்காகக் கண்ணை மூடி நடந்து பார்த்ததை என் ஆயுசில் அன்றுதான் கண்டேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

கலவை இறுக ஒரு வாரம் இவரைப் பிடித்துவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எட்டாம் நாள் காலை, மீன்காரம்மாள் குரல் கேட்டதும் எழுந்துவிட்டார்.

“ஏங்க, நானும் வரேன்.”

“நீ அங்கயே நில்லு.”

டணக். டணக். வளைவு வந்தது. டணக். தடி கல் வரிசையோடு வளைந்தது, கூடவே அவரும் வளைந்தார். கேட்டின் தாழ்ப்பாள் திறந்தது.

“வந்துட்டாரா பெரியவரு! அம்மாகிட்ட நிம்மதியா வித்துக்கினு இருந்தேனே!”

“அதுக்குத்தான் வந்தேன். கூடைய எறக்கு.”

டணக் டணக் என்று திரும்பி வந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் சங்கரா மீன். “மோந்து பாரு,” என்று நீட்டினார். நான் மீனை வாங்கவில்லை, அந்தக் கருங்கல் வரிசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அங்க என்ன பாக்கற?” என்றார் அவர். “மீனு இங்க இருக்கு.”