பெயர் மாறிய இரண்டு டிஸ்க்குகள்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருட வேலையும் லினக்ஸ் போட்ட என் பழைய கணினியில்தான் இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் கடகடக்கத் தொடங்கியதும், எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நானே மாற்றுவதென்று தீர்மானித்தேன்.

இரண்டு டிஸ்க்குகளுக்கும் கணினி கொடுத்திருந்த பெயர்களை முதல் நாள் ஒரு தாளில் எழுதிவைத்தேன். மறுநாள் காலை கணினியைத் திரும்பப் போட்டு, அந்தத் தாளைப் பார்த்தே நகலெடுக்கும் கட்டளையைத் தட்டினேன். என்டரை அழுத்தப் போகையில், தேத்தண்ணி கொண்டுவந்த கணவர் திரையில் இருந்த டிஸ்க் பட்டியலையும் என் தாளையும் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறும். புதுசுதானே பெரிசு எண்டனீர்? தாளில பழசு எண்டு எழுதின பேருக்கு நேரேயெல்லோ திரையில பெரிய அளவு கிடக்கு?"

என்டரிலிருந்து கையை எடுத்து, தாளையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரவு கணினியை நிறுத்திக் காலையில் திரும்பப் போட்டதில், அது கொடுத்த பெயர்கள் இடம் மாறியிருந்தன. அழுத்தியிருந்தால், ஒன்றுமில்லாத புது டிஸ்க் பழையதன் மேல் நகலாகி எல்லாமே அழிந்திருக்கும்.

ஆனாலும் நான் விடவில்லை. முதலில் கோப்புகளை வேறொரு டிரைவில் பிரதி எடுத்தேன். பிறகு பெயர்களைத் திருத்தி என்டரை அழுத்தினேன். பின்னேரம் புது டிஸ்க்கிலிருந்தே கணினி வேலை செய்தது.

இப்போதெல்லாம் டிஸ்க்கின் அளவையும் தொடர் இலக்கத்தையும் அந்த நேரத்திலேயே பார்த்து, கணவருக்கு உரக்க வாசித்துக் காட்டாமல் இப்படியான கட்டளை எதையும் கொடுப்பதில்லை.